சின்ன ராக்கெட்டும் தரைக்காற்றும்

"மணிக்கு 4,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிற ராக்கெட்டை, மரக்கிளை அசைகிற அளவுக் காற்றுக்காக ஏன் நிறுத்தி வைக்கிறார்கள்?" என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார். மாணவர்களின் கருவிகளை ஏற்றிச் செல்லும் ரெக்சஸ் ராக்கெட்டைப் பற்றிய கேள்வி அது.

ஸ்வீடனின் வடகோடியில், கிருனா நகருக்கு அருகே எஸ்ரேஞ்ச் ஏவுதளம் இருக்கிறது. ரெக்சஸ் அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஜெர்மனி, ஸ்வீடன் நாடுகளின் விண்வெளி அமைப்புகள் சேர்ந்து நடத்தும் திட்டம். ராக்கெட்டின் நீளம் சுமார் 5.6 மீட்டர். 290 கிலோ திட எரிபொருள் 26 விநாடிகளில் எரிந்து தீர்ந்துவிடும். அதன்பின் எறிந்த கல் மாதிரிதான்: 80, 90 கிலோமீட்டர் வரை ஏறிவிட்டு இறங்கும். பாராசூட்டில் வந்து விழுவதை ஹெலிகாப்டரில் போய் எடுத்து வருவார்கள்.

பெரிய ராக்கெட்டுகள் போகிற வழியிலேயே தங்கள் பாதையைத் திருத்திக்கொள்ளும். இதற்கு அந்த வசதி கிடையாது. சாய்வான வால் சிறகுகளால் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பாதையைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எனவே கிளம்பும்போது மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. மேற்கிலிருந்து காற்று அடித்தால் ராக்கெட் எந்தப் பக்கம் போகும்? கிழக்கே தள்ளப்படும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் எரிபொருள் எரிந்து தீரும்வரை அது மேற்கே போகும், காற்றை எதிர்த்து! சிறகுகள் வாலில் இருப்பதால் காற்று வாலைத்தான் கிழக்கே தள்ளுகிறது. அதனால் மூக்கு மேற்கே திரும்புகிறது. மூக்கு பார்க்கும் பக்கமே எஞ்சினும் உந்தும். எரிந்து முடிந்த பிறகுதான் காற்று அதை நாம் நினைத்த பக்கம் தள்ளும்.

திருப்பம் எவ்வளவு என்பதை வேகம் முடிவு செய்கிறது. லாஞ்சரின், அதாவது ராக்கெட்டைத் தாங்கி ஏவும் சாதனத்தின், தண்டவாளத்தை விட்டு வெளியேறும்போது விநாடிக்கு 40 மீட்டர் வேகம், பக்கக்காற்று 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ராக்கெட்டுக்குக் காற்று ஏறக்குறைய 7 பாகை சாய்வில் வந்து மோதும். வேகம் 400 மீட்டரானால் அந்தச் சாய்வு ஒரு பாகைகூட இராது. ஆக, முதல் சில நூறு மீட்டர் உயரத்தில் வீசும் காற்றுதான் பெரிய ஆள். அங்கே ஒரு பாகை பிசகினாலும் விழும் இடம் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

இதற்காகவே ஏவுதளத்தில் உயரமான கோபுரத்தில் காற்றுமானிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். அதற்கும் மேலே உள்ள காற்றை அறிய பலூன் விடுகிறார்கள். ஒவ்வொரு உயரத்தின் காற்றும் பாதையை எவ்வளவு திருப்பும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, தரையருகே அதிகம், மேலே போகப்போகக் குறைவு என அதற்கொரு எடை (முக்கியத்துவ அளவு) கொடுத்துக் கூட்டுகிறார்கள். அப்புறம் லாஞ்சரைக் காற்று போகும் பக்கமாகச் சாய்த்து வைப்பார்கள். ராக்கெட் காற்றை எதிர்த்துத் திரும்பும்போது, வேண்டிய பாதைக்குத் தானாகவே வந்து சேரும். எவ்வளவு அழகான கணக்கு! கேரளத்தின் தும்பாவிலிருந்து ஏவும் இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான ஆர்.எச்-200-உம் இதேபோல வழிகாட்டும் கருவி இல்லாததுதான்; அதற்கும் தரைக்காற்றைப் பார்த்தே ஆக வேண்டும்.

சீராக அடிக்கும் காற்றுக்கு இப்படி ஈடுகட்டலாம். நிமிடத்துக்கு நிமிடம் மாறினால் முடியாது. அளந்து, கணக்குப் போட்டு, லாஞ்சரைத் திருப்புவதற்குள் காற்று வேறாகிவிடும். மாணவி கேட்ட அந்த நிறுத்தம் இதனால்தான்.

ஆகவே ஏவும் பணியைத் திட்டமிடுவோர் காத்திருப்பதற்கும் நாள் ஒதுக்க வேண்டும். கெட்டுப்போகக்கூடிய உயிரியல் மாதிரிகளைக் கடைசி நேரத்தில் ஏற்ற வழி வேண்டும். தள்ளிப்போனால் மாற்ற இன்னொரு தொகுதியும் கையில் இருக்க வேண்டும். மாணவர் ராக்கெட்டுகளுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்த உபரி நாட்களுக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல நேரம் குறித்து, விருந்தினரை அழைத்து, அந்த மணிக்கே ஏவியாக வேண்டும் என்ற நெருக்கடியைப் பிள்ளைகள் மேல் சுமத்தக் கூடாது. எப்போது ஏவுவது என்பதைக் காற்றுமானியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் சொல்லட்டும்.