போக ஒரு ரகசியம், வர ஒரு ரகசியம்

"ஸ்டோரேஜில் சர்வரோட ஐக்யூஎன் பெயரைச் சேர்த்தாச்சு, லன் தெரியுது. அப்புறம் எதற்கு சாப் பாஸ்வேர்டு, அதுவும் ரெண்டு?" என்று ஐஸ்கசி ஸ்டோரேஜ் அமைத்துக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஐஸ்கசி பற்றிச் சுருக்கமாக: வட்டுக்குப் போகவேண்டிய கட்டளைகளை டிசிபி பாக்கெட்டுகளில் வைத்து, சாதாரண ஈதர்நெட் வழியே 3260ஆம் போர்ட்டுக்கு அனுப்புகிறோம். ஸ்டோரேஜ் இப்படி ஒதுக்கித்தரும் வட்டுப் பகுதிக்குத்தான் லன் என்று பெயர்; சர்வருக்கு அது தன் சொந்த வட்டாகவே தெரியும். வந்திருப்பது எந்த சர்வர் என்பதை ஸ்டோரேஜ் ஐக்யூஎன் என்ற அடையாளப் பெயரை வைத்து அறிகிறது. லினக்ஸில் அந்தப் பெயர் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் ஒரே வரி. அதே நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொருவர் தன் மெஷினில் அந்த வரியை அழித்துவிட்டு, உங்கள் சர்வரின் பெயரை எழுதிக்கொண்டால் போதும். கதவைத் தட்டுபவர் சொல்லும் பெயரை நம்பித் திறந்துவிடுவது போலத்தான்.

அதனால்தான் சாப், அதாவது வந்திருப்பவருக்கு ரகசியச் சொல் தெரியுமா என்று சோதிக்கும் முறை. மோடம் இணைப்புகளுக்காகப் பிறந்து, 1996-இல் ஆர்எஃப்சி என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளியானது இது. 2004-இல் ஐஸ்கசி தரநிலை வந்தபோது இதைச் சேர்த்துக்கொண்டது. இதில் ரகசியச் சொல் கம்பியில் பயணிப்பதே இல்லை. ஸ்டோரேஜ் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தாறுமாறான எண்ணைச் சவாலாக அனுப்பும், கூடவே ஒரு பைட் அடையாள எண். சர்வர் அந்த அடையாள எண், ரகசியம், சவால் மூன்றையும் சேர்த்து எம்டி5 என்ற ஹேஷ் கணக்கில் அரைத்து, கிடைக்கும் 128 பிட்டைப் பதிலாக அனுப்பும். ஸ்டோரேஜும் அதையே கணக்கிட்டு ஒப்பிடும். அரைத்த மாவு மறுபடி அரிசியாகாது; ஒட்டுக்கேட்டவருக்கு மாவு மட்டும்தான் மிஞ்சும்.

சரி, ஸ்டோரேஜே போலியாக இருந்தால்? அதனால் சர்வரும் பதிலுக்கு ஒரு சவால் விடலாம். இரண்டாவது ரகசியம் இதற்குத்தான். இரண்டு பக்கமும் ஒரே சொல்லை வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பாருங்கள், எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான். சர்வர் போலியிடம் 'இதற்குப் பதில் சொல்' என்று ஒரு சவாலைக் கொடுக்கிறது. போலிக்கு ரகசியம் தெரியாது. ஆனால் மல்ட்டிபாத் (ஒரே ஸ்டோரேஜுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள்) வைத்திருக்கும் சர்வர் இரண்டாவது பாதையிலும் இணைப்புக் கேட்டு வரும். போலி அதே சவாலை, அதே அடையாள எண்ணோடு, அங்கே தன் சவால்போலத் திருப்பி நீட்டுகிறது. சர்வர் தானே கணக்கிட்டுப் பதிலைக் கொடுத்துவிடுகிறது. அதை எடுத்து முதல் இணைப்பில் கொடுத்தால் வேலை முடிந்தது! ஒரு ரகசியமும் உடையவில்லை, சர்வரின் கேள்விக்கு சர்வரே விடை சொல்லியிருக்கிறது. இரு திசைக்கும் ஒரே ரகசியம் கூடாது என்று தரநிலை கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டு ரகசியத்துக்கும் ஒரே சொல், அதுவும் அகராதியில் இருக்கும் சொல். 'உள் நெட்வொர்க்தானே' என்றார்கள். இந்த நம்பிக்கையை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். சவாலையும் பதிலையும் பதிவு செய்தவர், வீட்டில் உட்கார்ந்து அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாக அரைத்துப் பார்க்கலாம். எம்டி5 வேகமானது என்பது இங்கே அவருக்குத்தான் சாதகம். அதனால் ரகசியம் குறைந்தது 96 பிட்டாவது இருக்கவேண்டும், மனிதர் யோசித்த சொல்லாக இல்லாமல் கணினி உருவாக்கியதாக இருக்கவேண்டும். எம்டி5-ஐவிட வலுவான எஸ்எச்ஏ-256 ஹேஷ் இரு பக்கமும் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

சாப் வாசலில் மட்டும்தான் நிற்கும். உள்ளே வந்தபின் தரவு மறையாக்கம் இல்லாமல்தான் ஓடும். அதற்குத் தனி விலேன் (பிரித்துவைத்த நெட்வொர்க்) வேண்டும், முடிந்தால் பாக்கெட்டுகளை மறையாக்கும் ஐபிசெக்கும். ரகசியத்தை மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் செஷன் அப்படியே ஓடும். எனவே மாற்றியதும், அந்த லன்னை யாரும் பயன்படுத்தாத நேரமாகப் பார்த்து, ஒருமுறை லாகவுட் செய்து லாகின் செய்துவிடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும், அடுத்த ரீபூட் வரை காத்திருக்காது.