மொத்த வருமதி: சிறு சுரங்க நிறுவனத்தின் கணக்கில் ஒரு சொல்

ஒரு நிறுவனத்திற்குப் பிறரிடமிருந்து உரிமைப்படி வந்து சேர வேண்டியதாகவும், கணக்கு முடிக்கும் நாள்வரை கைக்கு வராததாகவும் உள்ள தொகைகள் அனைத்தின் கூட்டையே 'டோட்டல் ரிசீவபிள்ஸ்' என்கிறார்கள். விற்ற சரக்கின் நிலுவை, அரசு திருப்பித் தர வேண்டிய வரி, கூட்டாளி செலுத்த வேண்டிய பங்குத்தொகை, பிறருக்குக் கொடுத்த கடன் ஆகியவை எல்லாம் இந்த ஒரே வரியில் வந்து கலக்கின்றன.

'ரிசீவ்' என்னும் ஆங்கில வினை, இலத்தீனின் 'ரெகிபெரெ' என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் அடியில் 'கபெரெ', அதாவது எடுத்தல் அல்லது கைக்கொள்ளுதல், என்னும் வினை இருக்கிறது. இறுதியில் சேரும் 'ஏபிள்' என்பதற்கு நேராகத் தமிழில் 'தக்க' என்பதை வைத்துப் 'பெறத்தக்கவை' என்று ஆக்கினார்கள். தமிழ்நாட்டுக் கணக்குப்பதிவியல் பாடநூல்களில் பழகிய சொல் 'கடனாளிகள்' என்பதாகும். பேச்சில் 'வரவேண்டிய பாக்கி' என்கிறோம். இலங்கைத் தமிழர் கணக்கியலில் 'வருமதி' என்றும், அதற்கு எதிரான கொடுக்க வேண்டிய தொகையைச் 'சென்மதி' என்றும் வழங்குகிறார்கள். ஏற்றுமதி, இறக்குமதி என்னும் சொற்களின் அமைப்பிலேயே உள்ள இந்த இணை, சுருக்கமாகவும் ஐயத்திற்கு இடமின்றியும் இருப்பதால் 'மொத்த வருமதி' என்பதையே பொருத்தமான நிகரனாகக் கருதுகிறேன். 'கடனாளிகள்' என்பது கடனுக்குச் சரக்கு வாங்கியவரையே நினைவுக்குக் கொண்டுவருகிறது. சிறு சுரங்க நிறுவனத்தின் வருமதியிலோ பெரும்பாலும் அப்படி ஒருவர் இருப்பதே இல்லை.

கனிமத்தைத் தேடும் கட்டத்தில் உள்ள நிறுவனத்திற்கு விற்பனை கிடையாது. அது துளையிடுவோர்க்கும் ஆய்வுக்கூடத்திற்கும் பணம் செலுத்தும்போது மதிப்புக்கூட்டு வரியோ சரக்கு சேவை வரியோ சேர்த்துச் செலுத்துகிறது. விற்பனை இல்லாததால் அந்த வரியை ஈடுகட்ட வழியில்லை. ஆகவே சட்டம் இடம் தரும் நாடுகளில் அதைத் திரும்பக் கேட்கிறது. இத்தகைய நிறுவனத்தின் வருமதி உயர்ந்தால், வணிகம் வளர்ந்தது என்று பொருள் கொள்ளக் கூடாது. செலவு கூடியிருக்கிறது என்றோ, அரசு தாமதிக்கிறது என்றோதான் கொள்ள வேண்டும். வரி ஒழுங்காகத் திரும்பும் நாட்டில் அது ஏறத்தாழ ரொக்கமே. ஆனால் சட்டமே மாறுவதும் உண்டு: பதப்படுத்தாத கனிமங்களை ஏற்றுமதி செய்வோர் தாம் செலுத்திய உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாதவாறு தான்சானியா 2017இல் தன் மதிப்புக்கூட்டு வரிச் சட்டத்தைத் திருத்தியது.

உற்பத்தி தொடங்கிய நிறுவனத்தின் வணிக வருமதி வேறு வகையானது. இதில்தான் வாசிப்பவர் மிகுதியும் ஏமாறுகிறார். செறிவூட்டிய செம்புத் தாதை உருக்காலைக்கு அனுப்பும் நாளில் விலை முடிவாவதில்லை. தற்காலிக விலையில் பெரும்பகுதியைப் பெற்றுக்கொண்டு, எஞ்சியதை வருமதியாக எழுதுகிறார்கள். ஒப்பந்தத்தில் குறித்த சில மாதங்களுக்குப் பின்வரும் சந்தை விலையே இறுதி விலையாகிறது. ஒரு டன் செம்பிற்குத் தற்காலிக விலை 9,000 டாலர் என்றும், அதில் 90 விழுக்காடு முன்னரே கிடைத்துவிட்டது என்றும் கொள்வோம். உருக்குக் கூலி முதலிய கழிவுகளை இங்கே விட்டுவிடலாம். கையில் 8,100 டாலர் இருக்கிறது, வருமதி 900 டாலர். இறுதி விலை 8,200 டாலராக இறங்கினால், செம்பின் விலை 9 விழுக்காடு அளவே குறைந்திருக்க, வருமதியோ 900 டாலரிலிருந்து 100 டாலராகச் சுருங்கிவிடுகிறது. விலை 8,100 டாலருக்கும் கீழே போனால் வருமதி சென்மதியாகி, வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர நேரும். வாங்குபவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் இந்த இழப்பைத் தடுக்க முடியாது. இக்காரணத்தால்தான் ஐஎப்ஆர்எஸ் 9 என்னும் பன்னாட்டுக் கணக்குத் தரத்தின்படி, இறுதி விலைக்குக் கட்டுப்பட்ட இவ்வருமதியைக் கணக்கு நாளின் நியாய மதிப்பில், அதாவது அன்றைய சந்தை நிலைக்கேற்ற மதிப்பில், காட்டி, வேறுபாட்டை லாப நட்டத்தில் சேர்க்கிறார்கள்.

அதே தரம், 2018 சனவரி 1 முதல், சாதாரண வணிக வருமதிக்கு எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பை முன்கூட்டியே ஒதுக்கச் சொல்கிறது. வரி வருமதி ஒப்பந்தத்தால் எழாமல் சட்டத்தால் எழுவதால் நிதிக் கருவியாகாது. ஆகவே இந்த ஒதுக்கீட்டு விதி அதைத் தொடுவதில்லை. இதனால் அரசிடம் ஆண்டுக்கணக்காகத் தேங்கிய வரித்தொகை முழு மதிப்பில் நிற்கிறதா என்பதை வாசிப்பவர்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

எஞ்சியவற்றுள், கூட்டு முயற்சியில் பங்காளி செலுத்த வேண்டிய தொகை அவருடைய நிதி வலிமையைப் பொறுத்தது. அவரும் பங்கு விற்றே பணம் திரட்டும் சிறு நிறுவனமாக இருந்தால், அத்தொகையின் வரவு இன்னொருவரின் பங்குச் சந்தை வாய்ப்பில் தொங்குகிறது. இயக்குநர்களோடு தொடர்புடையவர்களுக்குக் கொடுத்த கடன் வருமதியில் இருந்தால், எதற்காகக் கொடுக்கப்பட்டது, வட்டி உண்டா, எப்போது திரும்பும் என்பவை கணக்குக் குறிப்புகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படவில்லை என்றால் அந்தத் தொகையை நான் மதிப்பீட்டில் சேர்க்க மாட்டேன்.

இத்தனையும் பார்ப்பதன் தேவை, நடப்பு விகிதத்தை, அதாவது ரொக்கமும் ஓராண்டிற்குள் ரொக்கமாகத்தக்கவையும் அதே காலத்தில் கொடுக்க வேண்டியதைப்போல் எத்தனை மடங்கு என்பதை, கணக்கிடும்போது தெரியவரும். ரொக்கம் 2 லட்சம் டாலர், வருமதி 8 லட்சம் டாலர், ஓராண்டிற்குள் கொடுக்க வேண்டியது 5 லட்சம் டாலர் என்றால், விகிதம் 2 என்று நலமாகத் தோன்றும். அந்த 8 லட்சத்தில் 6 லட்சம் தேங்கிய வரித்தொகையாக இருந்தால், ஓராண்டிற்குள் வரத்தக்கது 2 லட்சமே, ரொக்கத்தோடு சேர்த்து 4 லட்சம், விகிதம் 0.8 ஆகிறது, நிறுவனம் புதிய பங்குகளை வெளியிட்டே கடனைத் தீர்க்க வேண்டியிருக்கும். எனவே இருப்புநிலைக் குறிப்பில் மொத்த வருமதியைக் கண்டவுடன், அதன் பகுப்பைத் தரும் கணக்குக் குறிப்பிற்குச் சென்று, முந்தைய இரண்டு ஆண்டுகளின் அதே குறிப்போடு வைத்துப் பார்ப்பது நல்லது; ஒரே தொகை மூன்று ஆண்டுகளிலும் மாறாமல் நின்றால், அது எந்தத் தலைப்பில் இருந்தாலும் நடப்புச் சொத்தாகக் கொள்ளத்தக்கதன்று.