பெங்களூரில் வெயிலை அளக்கப் போகிறவர்களுக்கு

நிலப் பயன்பாடும் வெப்பமும் பற்றி ஆய்வு செய்கிற மாணவர்கள் முதலில் கையிலெடுப்பது லேண்ட்சாட் செயற்கைக்கோள் எடுத்த வெப்பப் படத்தைத்தான். மார்ச் மாதப் படமாக இருந்தால் குழப்பம் அங்கேயே ஆரம்பம். நெருக்கியடித்த ஸ்ரீராமபுரத்தைவிட, நகருக்கு வெளியே ஆனேக்கல் பக்கம் அறுவடை முடிந்த கேழ்வரகுக் கொல்லைகள் கூடுதலாகச் சிவந்து, அதாவது அதிகச் சூடாக, தெரியலாம். உடனே 'நகரம்தான் குளிர்ச்சி' என்று எழுதிவிடாதீர்கள்.

செயற்கைக்கோள் காட்டுவது மண், கூரை, தார் இவற்றின் மேற்பரப்புச் சூட்டை. நாம் சுவாசிக்கும் காற்றின் சூட்டை அல்ல. லேண்ட்சாட் 8 ஓரிடத்தைக் கடப்பது 16 நாளுக்கு ஒருமுறை, அதுவும் காலை 10.30 மணிவாக்கில். வெறும் செம்மண் அதற்குள் காய்ந்து சுடும். கான்கிரீட் மெதுவாகத்தான் சூடேறும். சந்துகளில் நிழலும் உண்டு. பொழுது சாய்ந்தால் எல்லாம் தலைகீழ். மண் சீக்கிரம் ஆறிவிடும். சுவரும் மொட்டைமாடியும் நள்ளிரவு தாண்டியும் அனல் விடும். சுற்றுப்புறத்தைவிட நகரம் சூடாக இருப்பதைத்தான் நகர வெப்பத் தீவு என்பார்கள். அது பெரும்பாலும் ராத்திரி விவகாரம், அதிலும் காற்றடங்கிய, மேகமில்லாத ராத்திரி. போதாக்குறைக்கு, சூட்டைப் பதியும் வெப்பப் பட்டையில் ஒரு புள்ளி நிஜத்தில் 100 மீட்டர் அகலம். 30 மீட்டராகக் கிடைப்பது கணக்கில் நிரப்பியது. பத்தடி அகலமுள்ள சந்து அதில் தனியாகத் தெரியாது.

ஆகவே காற்றை அளந்தே தீரவேண்டும். சென்சார் தரையிலிருந்து 1.5 முதல் 2 மீட்டர் உயரத்தில், வெயில் நேரே படாமல் இருக்கட்டும். வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகள் ஐந்தாறைக் கவிழ்த்து, 2 செ.மீ. இடைவெளி விட்டு அடுக்கி, நடுவில் தொங்கவிட்டால் காற்றும் ஓடும். மூடிய டப்பாவுக்குள் வைத்தால் டப்பாவின் சூடுதான் பதிவாகும். ஏசி வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டுவதும் அதே கதைதான்.

டிஎச்டி22 போன்ற மலிவு சென்சார்களில் அரை டிகிரி கூடக்குறையக் காட்டும். தெருவுக்குத் தெரு உள்ள வித்தியாசமே சில சமயம் அவ்வளவுதான்! எல்லாவற்றையும் மூன்று நாள் ஒரே இடத்தில் ஓடவிட்டு, எது எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கழற்றியபின் மறுபடியும் ஒருமுறை. கடல்மட்ட உயரத்தையும் எழுதுங்கள்: 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். ஏரிப் பள்ளங்களில் இரவில் குளிர்காற்று தேங்குவதும் கணக்கைக் கெடுக்கும்.

அல்சூர் சந்தில் கருவியைக் கட்டினால், "இது கேமராவாப்பா?" என்றுதான் கேட்பார்கள். என்ன கருவி, யாரை அழைக்கவேண்டும் என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் யாராவது கழற்றி உள்ளே வைத்துவிடுவார்கள், வெப்பநிலைக் கோடும் திடீரென்று தட்டையாகிவிடும். வீட்டுக்காரர் சம்மதித்தால் தகரக் கூரைக்குக் கீழேயும் ஒன்று வையுங்கள். தெருவில் எடுத்த அளவு உள்ளே படுப்பவருக்குப் பொருந்தாது.