புல்லை உரித்தால் குதிரை

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் அஃபிங்டன் என்றொரு சிற்றூர். அதன் தெற்கே எழும் குன்றின் சரிவில், கோடையில் சில நாட்கள், தன்னார்வலர்கள் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார்கள். கையில் சுத்தியல், பக்கத்தில் வாளி நிறைய வெள்ளைக் கட்டிகள். கட்டிகளைத் தரையில் கொட்டித் தட்டித் தட்டிப் பொடியாக்கி, அந்தப் பொடி பசைபோல் படிந்து இறுகும்வரை இடிப்பார்கள். அவர்கள் இடிப்பது ஒரு குதிரையின் முதுகில். மூக்கு முதல் வால் நுனி வரை அதன் நீளம் ஏறத்தாழ 110 மீட்டர்.

குன்றின் சரிவில் வெள்ளைக் கோடுகளாக வெட்டிய உருவம் அது. உடலுக்கு ஒரே ஒரு நீண்ட வளைகோடு, அதனோடு சேர்ந்தும் சேராமலும் நான்கு கால்கள், அலகு போன்ற வாய், ஒற்றைப் புள்ளியாகக் கண். நேற்று ஒரு நவீன ஓவியர் ஒரே வீச்சில் போட்டுவிட்டுப் போனதுபோல் இருக்கும். ஆனால் இதன் வயது ஏறக்குறைய 3,000 ஆண்டுகள். அடிவாரத்தில் நின்றால் முழு உருவம் தெரியாது. பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் போனால் ஓரளவு தெரியும், வானத்திலிருந்து பார்த்தால்தான் முழுக் குதிரையும் கண்ணுக்குக் கிடைக்கும்.

3,000 ஆண்டுகள் நிற்கும் கல் கோயிலை நாம் ஆச்சரியத்தோடு பார்க்கிறோம். அங்கே கல்லின் உறுதிதான் காலத்தைத் தாங்குகிறது. இந்தக் குதிரைக்கு அப்படி எந்த உறுதியும் கிடையாது. இருபது, முப்பது ஆண்டுகள் யாரும் கை வைக்காமல் விட்டால் புல் மூடி மறைந்துவிடும். அப்படியிருந்தும் இது இன்றும் தெரிகிறது என்றால், நூறு தலைமுறைகளுக்கு மேல் யாராவது மலையேறிப் போய்க் களை பிடுங்கியிருக்கிறார்கள். நடுவில் ஆட்சி மாறியது, மொழி மாறியது, மதம் மாறியது. இந்த வேலை மட்டும் நிற்கவில்லை. உருவத்தைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? முதலில் பாறையைப் பார்க்க வேண்டும்.

தென் இங்கிலாந்தின் குன்றுகளில் பெரும்பகுதி சாக் என்னும் மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. (நம் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் பெயரளவில்தான் சாக், இப்போது அது பெரும்பாலும் ஜிப்சம்.) கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில், அதாவது சுமார் 10 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கடல்மட்டம் இன்றைவிட மிக உயரமாக இருந்தது. இன்றைய இங்கிலாந்தின் பெரும்பகுதி வெதுவெதுப்பான கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலின் மேற்பரப்பில் காக்கோலித்தோஃபோர் என்னும் ஒற்றைச் செல் பாசிகள் கோடிகோடியாக மிதந்தன. ஒவ்வொரு பாசியும் தன்னைச் சுற்றிக் கால்சியம் கார்பனேட்டால் ஆன சின்னச் சின்னத் தகடுகளைக் கவசமாகப் போட்டுக்கொள்ளும். தகட்டின் அளவு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குதான். பாசியைத் தின்னும் நுண்விலங்குகளின் கழிவோடு சேர்ந்து இந்தத் தகடுகள் கடலடியில் விழுந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் என்ற வேகத்தில் படிந்து படிந்து, கடைசியில் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுக்குச் சேர்ந்தது. ஆறுகள் மண்ணை அடித்துக்கொண்டு வரும் கரைகள் தொலைவில் இருந்ததால் களிமண் கலப்பு மிகக் குறைவு. அதனால்தான் இந்தப் பாறை இவ்வளவு தூய்மை.

ஆனால் தூய்மை மட்டும் வெள்ளையைத் தராது. இந்தத் தகடுகள் கால்சைட் என்னும் படிகத்தால் ஆனவை. கால்சைட் தனியே கண்ணாடிபோல் ஒளி ஊடுருவக்கூடியது. கண்ணாடியை இடித்துப் பொடியாக்கினால் பொடி வெள்ளையாகத் தெரிகிறதே, அதே சங்கதிதான் இங்கும். சாக்கின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட வெறும் நுண்துளைகளாக இருக்கும். ஒளி உள்ளே நுழையும்போது துகள், காற்று, துகள், காற்று என்று ஒவ்வொரு எல்லையிலும் திசை மாறிச் சிதறுகிறது. எல்லா நிறமும் ஏறத்தாழ சமமாகச் சிதறித் திரும்பி வருவதால் கண்ணுக்கு வெள்ளை. மழை பெய்தால் துளைகளில் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். கால்சைட்டுக்கும் தண்ணீருக்கும் ஒளியை வளைக்கும் திறனில் வித்தியாசம் குறைவு என்பதால் சிதறலும் குறைகிறது. நனைந்த குதிரை சற்று மங்கலாகத் தெரிவது அதனால்தான்.

வெள்ளைப் பாறை இருந்தால் மட்டும் போதாது, அது கைக்கு எட்டும் ஆழத்தில் இருக்க வேண்டும். அங்கேதான் சாக்கின் இன்னொரு குணம் உதவுகிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீரில் சாக் மெல்லக் கரைந்து போய்விடும். வேறு பாறைகள் சிதைந்தால் மணலும் களியும் மிஞ்சி மண்ணாகும். சாக் கரைந்தால் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். ஆகவே இந்தச் சரிவுகளில் மேல்மண் பல இடங்களில் ஒரு சாண் ஆழம்தான். அதன்மேல் ஆடுகள் காலங்காலமாக மேய்ந்து குட்டையாக்கிய அடர்ந்த புல். ஒரு மண்வெட்டி ஆழம் வெட்டினால் பச்சைக்கு அடியிலிருந்து பளீரென்று வெள்ளை வந்துவிடும்.

இதெல்லாம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு யார்க்‌ஷயரில் கில்பர்ன் குதிரை இருக்கிறது. 1857இல் வெட்டினார்கள். அந்த மலையின் பாறை சாக் இல்லை. வெட்டினால் வெள்ளை வராது. சுண்ணாம்பு பூசியும், வெளியிலிருந்து சாக் துண்டுகளைக் கொண்டுவந்து கொட்டியும்தான் அதை வெள்ளையாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சாதகம் இருந்தும், வெறுமனே புல்லைச் சீவிவிட்டுப் போனால் உருவம் நிற்காது. அஃபிங்டன் குதிரையை உருவாக்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. 1990களில் அங்கே அகழாய்வு செய்த டேவிட் மைல்ஸ், சைமன் பாமர் குழுவினர் கண்டது இதுதான்: கோடுகள் மேலோட்டமாகச் சுரண்டியவை அல்ல, ஒரு மீட்டர் வரை ஆழமாகத் தோண்டிய பள்ளங்கள். அவற்றில் நொறுக்கிய சாக்கைக் கொட்டித் திமிசு போட்டதுபோல் இறுக்கியிருக்கிறார்கள். சாலை போடுவதற்குச் சமமான வேலை. மேலே ஒரு விரற்கடை கரைந்தாலும் அடியில் வெள்ளை இருக்கிறது. புல்லின் வேர் இறங்குவதற்கும் அந்த இறுகிய நிரப்பில் மண் கிடையாது.

அப்படியும் எதிரிகள் ஓய்வதில்லை. குளிர்காலத்தில் துளைகளுக்குள் இருக்கும் நீர் உறைந்து விரியும்போது மேற்பரப்பு உதிர்கிறது. மழை அந்த உதிரியைக் கீழே இழுத்துப் போகிறது. மேற்புறத்திலிருந்து மண் சரிந்து கோட்டின்மேல் படிகிறது. விதை விழுகிறது, பாசி பிடித்துச் சாம்பல் நிறமாகிறது. எல்லாவற்றையும்விட மெதுவான எதிரி விளிம்புப் புல். ஆண்டுக்குச் சிறிது சிறிதாக இரு பக்கமும் உள்ளே நகரும். சுத்தம் செய்பவர் கண்ணுக்கு நேற்றிருந்த விளிம்பு இன்றும் அங்கேயே இருப்பதாகத்தான் தோன்றும். அண்மை ஆண்டுகளில் பழைய வான்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அஃபிங்டன் குதிரை சில இடங்களில் முன்பிருந்த அகலத்தில் பாதியாக மெலிந்திருந்தது தெரிந்தது. 2024இல் அதைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தொல்லியலாளர்களோடு சேர்ந்து அந்த விளிம்புகளைப் பின்னுக்குத் தள்ளியது.

வயதை எப்படிக் கண்டார்கள் என்பது தனிக்கதை. 871இல் டென்மார்க் பக்கமிருந்து படையெடுத்து வந்த டேன்களை வென்றதன் நினைவாக ஆல்ஃபிரட் அரசர் வெட்டினார் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். இரும்புக்கால நாணயங்களில் இதே பாணிக் குதிரை இருப்பதால் அந்தக் காலமாக இருக்கலாம் என்றவர்களும் உண்டு. சாக்கில் கரி இல்லை, எழுத்து இல்லை, பானை ஓடு இல்லை. கையில் இருந்தது மண் மட்டும்தான்.

மண்ணில் உள்ள குவார்ட்ஸ் மணல்துகளை ஒரு பானையாக நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள மண்ணில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றிலிருந்து மிக மெல்லிய கதிர்வீச்சு எப்போதும் வந்துகொண்டிருக்கிறது. அது படிகத்துக்குள் எலக்ட்ரான்களை இடம்பெயர்த்து, குறைபாடுள்ள இடங்களில் சிக்க வைக்கிறது. பானையில் சொட்டுச் சொட்டாக நீர் நிரம்புவதுபோல் இது கூடிக்கொண்டே போகும். வெயில் பட்டால் சிக்கிய எலக்ட்ரான்கள் விடுபட்டுவிடும், பானை காலி. மண்ணுக்குள் புதைந்த நாளிலிருந்து மறுபடி நிரம்பத் தொடங்கும். ஆகவே வெளிச்சம் படாமல் குழாயில் மண்ணை எடுத்து, இருட்டறைக்குக் கொண்டுபோய், குறிப்பிட்ட ஒளியைப் பாய்ச்சினால், சிக்கிய எலக்ட்ரான்கள் விடுபடும்போது துகள் மெல்ல ஒளிர்கிறது. அந்த ஒளிர்வின் அளவு மொத்தம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைச் சொல்லும். அதை ஓராண்டில் நிரம்பும் அளவால் வகுத்தால், கடைசியாக அந்தத் துகள் சூரியனைப் பார்த்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கிடைக்கும்.

அஃபிங்டனில் குதிரையின் வெள்ளைப் பட்டையை ஒட்டிப் புதைந்திருந்த மண் தந்த விடை கி.மு. 1380க்கும் 550க்கும் இடையில். 800 ஆண்டு அகலமான விடைதான். மண்ணின் ஈரம் மாறினால் பானை நிரம்பும் வேகமும் மாறும் என்பதால் இந்த முறையில் இப்படி ஓர் அகலம் தவிர்க்க முடியாதது. ஆனாலும் ஆல்ஃபிரட் கதையை முடித்துவைக்க அது தாராளமாகப் போதும்.

அதே முறை டார்செட்டில் எல்லோரையும் திகைக்க வைத்தது. அங்கே செர்ன் அபஸ் ஊருக்கு மேலே 55 மீட்டர் உயரத்தில், கையில் பெரிய தடியோடு, ஆடையற்ற ஓர் அரக்கன் நிற்கிறான். வரலாற்றுக்கு முந்தியவன் என்று ஒரு சாரார். 17ஆம் நூற்றாண்டில், அன்று நாட்டை ஆண்ட ஆலிவர் கிராம்வெல்லைக் கேலி செய்ய வரைந்தது என்று இன்னொரு சாரார். இரண்டாமவர்கள் பக்கம் வலுவான காரணம் இருந்தது: 1617இல் அந்த ஊர் நிலங்களைப் பற்றி எழுதிய அளவை ஆவணத்தில் அரக்கனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதல் எழுத்துச் சான்று 1694ஆம் ஆண்டுத் தேவாலயக் கணக்கு; பழுதுபார்க்க 3 ஷில்லிங் செலவு. மண்ணில் கிடைத்த மில்லிமீட்டர் அளவே ஆன நத்தை ஓடுகளில், இடைக்காலத்தில்தான் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த இனங்கள் இருந்தன. அப்புறம் 2021இல், முழங்கையிலும் பாதத்திலும் எடுத்த மண்ணின் முடிவு வந்தது: கி.பி. 700 முதல் 1100 வரை. இரு சாராரும் எதிர்பார்க்காத காலம். அடிவாரத்தில் 987இல் கிறித்துவ மடம் நிறுவப்பட்ட காலத்தை ஒட்டி வருகிறது.

அப்படியானால் 1617இல் அவனைப் பற்றி ஏன் பேச்சே இல்லை? நடுவில் நெடுங்காலம் புல் மூடிக் கிடந்து, பிறகு யாரோ மீண்டும் வெட்டியிருக்க வேண்டும் என்பது தொல்லியலாளர்களின் கருத்து. புல்லுக்கு அடியில் இறுகிய சாக் இருந்தால் உருவம் அழிவதில்லை, உறங்குகிறது. 2019இல் இந்த அரக்கனுக்கு 17 டன் புதுச் சாக் இடித்து நிரப்பினார்கள்.

கிழக்கு சசெக்ஸில் வில்மிங்டன் நெடியவனுக்கு வேறு வழியில் வயது கண்டார்கள். இரு கையிலும் இரு கோல்களைப் பிடித்து நிற்கும் அவன் உயரம் 70 மீட்டருக்கு மேல். சரிவில் நீட்டி வெட்டியிருப்பதால் கீழிருந்து பார்ப்பவருக்கு அளவான உடம்போடு தெரிகிறான். 2003இல் மார்ட்டின் பெல் குழுவினர் மலையடிவார மண் அடுக்குகளை ஆராய்ந்தபோது, 16, 17ஆம் நூற்றாண்டு அடுக்கில் சாக் துண்டுகள் திடீரென்று அதிகரித்திருந்தன. மேலே யாரோ வெட்டியதால் கீழே உருண்டு வந்தவை. 1874இல் அவன் உருவக் கோட்டின்மேல் செங்கல் பதித்தார்கள், 1969இல் அதை எடுத்துவிட்டு கான்கிரீட் கட்டிகள் வைத்தார்கள். வில்ட்ஷயரின் வெஸ்ட்பரி குதிரைக்கும் 1950களில் கான்கிரீட் போட்டு வெள்ளை பூசிவிட்டார்கள். செலவு மிச்சம், ஆட்கள் தேவையில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை. மண்டியிட்டு இடிக்கும் வேலை நின்றால், அந்த ஊருக்கும் உருவத்துக்கும் இருந்த உறவு வெறும் பார்வையாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த உருவங்களை மிக நன்றாகப் புரிந்துகொண்ட ஓவியர் எரிக் ரவிலியஸ். வில்மிங்டனுக்குப் பக்கத்தில் ஈஸ்ட்போர்னில் வளர்ந்தவர். 1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்ட நேரத்தில் அவர் இந்தக் குன்றுகளைத் தேடிப் போய் நீர்வண்ணத்தில் தீட்டினார். ஓர் ஓவியத்தில் மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியின் காலி இருக்கைகள், சன்னலுக்கு வெளியே தொலைவில் வெஸ்ட்பரி குதிரை. இன்னொன்றில் நெடியவனுக்கு முன்னே கம்பிவேலி.

நீர்வண்ணத்தில் வெள்ளை நிறத்தைப் பொதுவாகப் பூசுவதில்லை. தாளின் வெள்ளையையே விட்டுவைப்பார்கள். ரவிலியஸ் ஈரம் குறைந்த தூரிகையால் மெல்லிய கோடுகளாக இழுத்து, இடையிடையே தாள் மூச்சுவிட இடம் வைப்பார். குன்றின் பச்சை முழுக்க அந்தக் கோடுகளுக்கு நடுவே தாள் தெரியும். மலையில் புல்லை விலக்கினால் சாக், அவர் படத்தில் வண்ணத்தை விலக்கினால் தாள். பொருளும் முறையும் இப்படி ஒன்றாகப் பொருந்திய ஓவியங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர் தீட்டியபின் இந்த உருவங்களுக்கே மறைய வேண்டிய நிலை வந்தது. எதிரி விமானிகளுக்கு அடையாளமாகிவிடக் கூடாது என்று வில்மிங்டன் நெடியவனுக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். அஃபிங்டன் குதிரையின்மேல் புல் போர்த்தினார்கள். போர் ஓவியராகச் சென்ற ரவிலியஸ், 1942 செப்டம்பரில் ஐஸ்லாந்துக்கு அருகே விமானத்தோடு காணாமல் போனார். அப்போது அவருக்கு வயது 39.

போர் முடிந்ததும் குன்றுக்கு ஆட்கள் போனார்கள். போர்த்திய புல்லை உரித்தார்கள். அடியில் குதிரை அப்படியே இருந்தது.