வளங்குன்றாக் காட்டு மேலாண்மை: ஒரு சொல் விளக்கம்

'சஸ்டெய்னபிள் ஃபாரஸ்ட் மேனேஜ்மென்ட்' என்னும் ஆங்கிலத் தொடரைத் தமிழில் நிலையான வன மேலாண்மை, நீடித்த வன மேலாண்மை, நிலைபேறான வன முகாமைத்துவம், வளங்குன்றா வன மேலாண்மை எனப் பலவாறு எழுதி வருகிறோம். இவை நான்கும் ஒரே பொருளைத் தருவதாகத் தோன்றினாலும், முதற்சொல் மாறும்போது கருத்தும் மாறிவிடுகிறது என்பதைக் கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காடு தெளிவாகக் காட்டுகிறது.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ஆங்கிலச் சொல்லுக்கு வேர், கீழிருந்து தாங்கிப் பிடித்தலைக் குறிக்கும் 'சுஸ்தினேரே' என்னும் இலத்தீன் வினை. பிரெஞ்சு மன்னர் ஆறாம் பிலிப் 1346-இல் பிறப்பித்த ஆணையிலேயே, காடுகள் என்றென்றும் நன்னிலையில் தாங்கி நிற்குமாறு மரம் விற்கப்பட வேண்டும் என்ற கருத்து இந்த வேரிலிருந்து கிளைத்த பிரெஞ்சுச் சொல்லாலேயே எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளிச் சுரங்கங்களின் உலைகளுக்கு விறகு தட்டுப்பட்ட சாக்சனி நாட்டில், சுரங்க நிருவாகியாக இருந்த ஹன்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், 1713-இல் வெளிவந்த தம் நூலில், மீண்டும் வளரும் அளவுக்கு மேல் வெட்டலாகாது என்னும் கொள்கையை ஜெர்மன் மொழியில் பெயரிட்டு வைத்தார். இன்று 'சஸ்டெய்னபிள்' என்பது எல்லாத் துறைக்கும் பொதுவாகிவிட்டது. ஆனால் அக்கருத்துக்குத் தெளிவான உருவம் தந்தது காட்டியல்தான். பிற்காலப் பிரெஞ்சு வழக்கு இதே கருத்துக்கு நீடிப்பதைக் குறிக்கும் 'துராப்ள்' என்னும் சொல்லைத் தேர்ந்துகொண்டது. ஆகவே பிரெஞ்சு வழங்கிய புதுச்சேரியிலிருந்து பார்த்தால் 'நீடித்த' என்பதே நேர் மொழிபெயர்ப்பு என்று ஒருவர் வாதிடவும் இடமுண்டு.

அந்த வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. 'நிலையான' என்பது மாறாதிருப்பதைச் சொல்கிறது. காடோ முளைத்தும் முதிர்ந்தும் விழுந்தும் மாறிக்கொண்டே இருப்பது. 'நீடித்த' என்பது கால அளவை மட்டும் சொல்கிறது. எது நீடிக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. வெட்டும் திட்டமும் நீடிக்கலாம், விறகு வருமானமும் நீடிக்கலாம்.

பிச்சாவரத்தில் நடந்தது அதுதான். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் தொடங்கி விடுதலைக்குப் பின்னும் சில பத்தாண்டுகள் வரை, அலையாத்திக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து முழுவதுமாக வெட்டி, அது மீண்டும் தழைக்கும் என்று விட்டுவைத்தார்கள். வனத்துறை வழக்கில் இப்பகுதிக்குக் 'கூப்பு' என்று பெயர். வெட்டு எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே அதன் மூலம். கணக்கில் குறையில்லாத இம்முறையில் மண் கணக்கில் சேரவில்லை. நிழலிழந்த சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து தொட்டிபோல் தாழ்ந்தது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியானது. மண்ணில் உப்பு ஏறியது. உவர்நீருக்கென்றே பிறந்த வெண்கண்டலும் சுரபுன்னையும்கூட அந்த உப்பில் முளைக்கவில்லை. குன்றியது மரத்தின் எண்ணிக்கை மட்டுமன்று, மரத்தை மீண்டும் ஈனும் நிலத்தின் வளம். அதனால்தான் 'வளங்குன்றா' என்னும் சொல்லே பொருத்தமானது என்கிறேன்: எது குறையலாகாது என்பதை அது பெயர் சொல்லிக் காட்டுகிறது. காட்டியலாளர்கள் பிற்பாடு விரித்துரைத்ததும் ஐ.நா. பொதுப்பேரவை 2007-இல் வகுத்ததும் இதையே ஒட்டியவை: காட்டின் பொருளியல், சமூக, சூழலியல் மதிப்புகள் மூன்றையும் இன்றைய தலைமுறைக்கும் இனிவரும் தலைமுறைக்குமாகப் பேணுவதும் பெருக்குவதும் என்பதே பேரவை தந்த விளக்கம்.

அந்த வளம் என்னென்ன என்பதைப் பிச்சாவரத்தை அடுத்த கிள்ளையைச் சுற்றியுள்ள ஊர்களில் பார்க்கலாம். கண்டல் வேர்களுக்கிடையே ஒதுங்கி வளரும் இறாலையும் நண்டையும் நம்பி மீனவரும், உப்பங்கழியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் வாழ்கின்றனர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, கரையோர மணல்மேட்டில் இருந்த ஊர்கள் பெரிதும் அழிய, காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். கடலிலிருந்து அவ்வூர்களின் தொலைவுக்கும் உயரத்துக்கும் அதில் பங்குண்டு என்று கூறியோரும் உளர். சங்கப் பாடல்களில் வரும் 'கண்டல் வேலி' என்னும் தொடர் அப்போது எனக்குப் புதிய பொருளோடு ஒலித்தது. பருவநிலைக்கான பயன் கண்ணுக்குத் தெரியாதது: மரம் காற்றிலிருந்து எடுத்த கரி (கார்பன்), நீர் தேங்கிய சேற்றில் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைவாக இருப்பதால் மட்காமல் நெடுங்காலம் தங்கிவிடுகிறது, மரத்தை அழித்து நிலத்தை உலர்த்தினால் அது மீண்டும் காற்றில் கலக்கிறது.

இனி 'மேலாண்மை'. ஆளுதலிலிருந்து பிறந்த இச்சொல் மேலிருந்து அதிகாரம் செலுத்துவதுபோல் ஒலிக்கிறது என்று சொல்லி, 'காடு பேணல்' போதும் என்போர் உண்டு. அவர்கள் அக்கறை நியாயமானதே. ஆயினும் பேணல் என்றால் தொடாமல் காத்தல் என்று கொள்ள நேரும். இத்தொடரோ எதை, எப்போது, எவ்வளவு எடுக்கலாம், யார் எடுக்கலாம் என்னும் முடிவுகளையும் உள்ளடக்கியது. கடலூர்க் கரையோரத்தில் சில ஆண்டுகளுக்கொருமுறை வெட்டி மீண்டும் நடும் சவுக்கை நாம் தோப்பு என்கிறோம், காடு என்பதில்லை. அங்கே விளைச்சலைக் காத்தால் போதும், இங்கே விளைவிக்கும் நிலத்தையும் காக்க வேண்டும்.

எழுதும்போது ஒற்றைக் கவனிக்க வேண்டும். 'வளம் குன்றாத' என்பது ஈறு கெட்டு 'வளங்குன்றா' என நிற்கும் எதிர்மறைப் பெயரெச்சமாதலால், பின்வரும் வல்லினம் மிகும்: வளங்குன்றாக் காட்டு மேலாண்மை. 'வனம்' என்று எழுதினால் ஒற்று வேண்டா.

பிச்சாவரத்தில் 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் பெருவாய்க்காலும் கிளைவாய்க்காலும் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்து கன்றுகளை நட்டபின், உவர்ந்து கிடந்த இடங்களில் காடு திரும்பியது. வாய்க்காலில் வண்டல் படிந்துகொண்டே இருப்பதால், அவற்றைத் தூர்வாரும் வேலையும் அங்கே மேலாண்மை என்னும் சொல்லுக்குள் அடங்குகிறது.