ஜெனரேட்டரில் பெட்ரோல் வாடை: கசிவு டேப்புக்கு மேலா, கீழா?

ஓடாமல் நிற்கும் ஜெனரேட்டரில் பெட்ரோல் வாடை வந்தால் கயிற்றை இழுத்துப் பார்க்காதீர்கள். பக்கத்து சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வேலூரில் பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும் ஒட்டி நிற்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு பரவி இன்வெர்ட்டர் டிராலியடியில் தேங்கும். கரண்ட் போகும்போது உள்ளே ரிலே 'டிக்' என்று மாறுமே, அந்தப் பொறியே போதும். பெட்ரோல் டேப்பை (டேங்கிலிருந்து பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் குழாய்த் திருகு) மூடி, கதவைத் திறந்து, மெஷினை வெளியே தள்ளுங்கள்.

நன்றாகத் துடைத்துவிட்டு, டேப் மூடியபடியே அடியில் அட்டையை வைத்து 10 நிமிடம் கவனியுங்கள். அப்போதும் சொட்டினால் டேங்க் அல்லது டேப் வாஷர். டேப்பைத் திறந்தபின் மட்டும் சொட்டினால் டியூப் அல்லது கார்ப்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்).

டியூபைக் கிளிப் அருகே வளைத்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும். தண்ணீர் டியூபை மாட்டாதீர்கள், இ20க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஏற்ற பெட்ரோல் டியூபையே கேட்டு வாங்குங்கள்.

அதிகம் ஏமாற்றுவது கார்ப்பரேட்டர்தான். மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்டால் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மட்டும் தங்கும். உள்ளே வரும் பெட்ரோலை அடைக்கும் ஊசி, அதாவது நீடில், சரியாக உட்காராது; பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணமான ஃப்ளோட் அறை நிரம்பி வழியும். நீடிலைக் கழற்றிப் பாருங்கள்: ரப்பர் முனையில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். வழிந்த பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலிலும் இறங்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டையும் தாண்டி, தண்ணீராய், பெட்ரோல் வாடையோடு இருந்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான்.

கத்திரி வெயிலில் டேங்கைக் கழுத்துவரை நிரப்பினாலும் வழியும். 10 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 200 மில்லி விரியும். ஓர் அங்குலம் இடம் விடுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் என்றால் அது பெட்ரோல் அல்ல. இன்வெர்ட்டர் பேட்டரி ஓவர்சார்ஜ் ஆகியிருக்கலாம். சமையல் கேஸ் என்று சந்தேகம் வந்தால் 1906க்கு அழையுங்கள்.

ஓட்டி முடித்ததும் டேப்பை மூடி, மெஷின் தானாக நிற்கும்வரை விடுங்கள், கார்ப்பரேட்டர் காலியாகிவிடும். ஒரு மாதத்துக்கு மேல் தேவையில்லை என்றால் டேங்கையும் வடித்துவிடுங்கள்.

வாடை நின்றாலும் மாடிப்படிக்கு அடியில் வைத்து ஓட்டாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் சன்னலைப் பார்க்காதபடி நிறுத்துங்கள்.