மாத்திரை டப்பாவோடு மொரீசியஸுக்குக் கிளம்புகிறீர்களா?

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் இங்கே மொரீசியஸுக்கு வந்திருந்தது. அம்மா, அப்பா, மகன், மருமகள், இரண்டு குழந்தைகள். விமான நிலையத்தில் அம்மாவின் கைப்பையைத் திறந்து பார்த்த கஸ்டம்ஸ் அதிகாரிகள், பெயர் தெரியாதபடி வெட்டியிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்துவிட்டார்கள். பல மணி நேர விசாரணை. குழந்தைகள் பசியில் அழுதிருக்கிறார்கள். கடைசியில் மாத்திரைகளைப் பறிமுதல் செய்துகொண்டு ஆட்களை விட்டார்கள். இரண்டு நாள் கழித்து மகன் என் மருந்துக் கடைக்கு வந்தார். "அதே மாத்திரை கொடுங்க மேடம், அம்மா ரெண்டு நாளா தூங்கல, கை நடுங்குது" என்றார். போனில் காட்டிய மருந்துச் சீட்டில் டிரமடால் சேர்ந்த முழங்கால் வலி மாத்திரையும், பதற்றத்தைத் தணித்துத் தூங்க வைக்கும் அல்பிரசோலமும் இருந்தன. இரண்டையும் என்னால் கொடுக்க முடியாது. இந்த நாட்டில் பதிவு பெற்ற மருத்துவர் எழுதித் தர வேண்டும். உடனே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இதே கதையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஊர் மாறுகிறது, மாத்திரையின் பெயர் மாறுகிறது, அந்தக் கை நடுக்கம் மட்டும் மாறவில்லை. அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவற்றை வருஷக்கணக்கில் சாப்பிட்டு வந்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கம் போய்விடும், பதற்றம் வரும், வியர்க்கும், சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகும். வயதானவர்களுக்கு அது விளையாட்டல்ல.

வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டாக்டர் எழுதிக் கொடுத்ததுதானே, சீட்டு இருக்கே, அப்புறம் என்ன?" சீட்டு இருப்பது நல்லதுதான். ஆனால் அது இந்தியாவில் செல்லும் சீட்டு. மொரீசியஸில் தூக்க மாத்திரை, பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை, டிரமடால், கோடீன், மார்ஃபின் வகை வலி மருந்துகள் எல்லாம் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருகின்றன. உங்கள் சொந்த உபயோகத்துக்கே ஆனாலும், இந்நாட்டுச் சுகாதார அமைச்சிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் கொண்டுவர வேண்டும். வந்து இறங்கிய பிறகு சீட்டைக் காட்டிப் பேசிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இந்தியாவே டிரமடாலை 2018-இல் போதை மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டது. அதன் பிறகும் நம்மவர்கள் அதைச் சாதாரண வலி மாத்திரை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருமல் சிரப்பும் அப்படித்தான். கோடீன் இருக்கிறதா என்று பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

அதிகாரிகள் மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை. செயற்கைப் போதைப்பொருள் இந்தச் சின்னத் தீவின் இளைஞர்களைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருக்கிறது. மருந்துக் கடை மாத்திரைகளும் போதைக்காகக் கைமாறுகின்றன. பெயர் இல்லாத வெள்ளை மாத்திரை நாற்பதை ஒரு பையில் பார்த்தால் யாராக இருந்தாலும் நிறுத்தி வைத்துக் கேட்கத்தான் செய்வார்கள்.

சட்டம் தெரியாதது கூட இரண்டாவது பிரச்சினைதான். "மொரீசியஸ்னா நம்ம ஊர் மாதிரி, ரூபாய் நோட்டுலயே தமிழ் இருக்கு, ஏர்போர்ட்டுல தமிழ் ஆபீசர் இருப்பார், சொன்னா புரிஞ்சுக்குவார்" என்ற நம்பிக்கைதான் முதல் பிரச்சினை. இதைச் சொல்லாமல் என்னால் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

நோட்டில் தமிழ் இருப்பது உண்மை. 1998-இல் வந்த புது நோட்டுகளில் தமிழின் இடத்தை இந்திக்குக் கீழே இறக்கியதற்கு இங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. 100 ரூபாய் நோட்டில் இருப்பவர் தமிழ் வம்சாவளியினரான ரங்கநாதன் சீனிவாசன். ஆனால் மற்ற நோட்டுகளில் இருக்கும் வேறு சமூகத் தலைவர்களையும் பாருங்கள். 25 ரூபாயில் சீன வம்சாவளியினரான மொய்லின் ழான் ஆ-சுவேன், 200 ரூபாயில் அப்துல் ரசாக் முகமது, 500 ரூபாயில் சுக்தேவ் பிசூந்தயால், 1000 ரூபாயில் கேட்டன் டுவால். இத்தனை சமூகங்களும் சேர்ந்து தங்களுக்கென்று சட்டம் எழுதி நடத்தும் தனி நாடு இது. 1730-களில் பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களாக வந்தவர்களின் வழியிலும், 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியிலும் வந்த தமிழர்கள் இங்கே உண்டு. கோயில் உண்டு, தைப்பூசக் காவடிக்குப் பொது விடுமுறையே உண்டு. வீட்டில் பேசுவது மட்டும் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியான க்ரியோல். பெயர்ப் பட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டு நீங்கள் தமிழில் விளக்கத் தொடங்கினால், அந்த அதிகாரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார். தமிழ் புரிந்தாலும் சட்டத்தை வளைக்க மாட்டார். வளைக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதே தப்பு.

சரி, மருந்துக்கு வருகிறேன். நம் ஊர்க் கடைகளில் பத்து மாத்திரை அட்டையை நாலும் ஆறுமாக வெட்டிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. பெயர் ஒரு துண்டில் போகும், காலாவதித் தேதி இன்னொரு துண்டில் போகும். பிறகு காலை, மதியம், இரவு என்று பிரித்த பிளாஸ்டிக் டப்பாவில் உதிர்த்துப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். தயவுசெய்து முழு அட்டையாக, பெட்டியோடு, கடை பில்லோடு கொண்டுவாருங்கள். டப்பாவைக் காலியாகக் கொண்டுவந்து விடுதியில் நிரப்பிக்கொள்ளலாம். இன்னொன்று, இந்தியக் கம்பெனிப் பெயரை என்னிடம் சொன்னால் எனக்குப் புரியாது. இங்கே அலமாரியில் இருப்பதில் பாதி பிரெஞ்சுப் பெயர்கள். மருந்தின் மூலப்பொருள் பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும்தான் எனக்கு வேண்டும். "சின்ன மஞ்சள் மாத்திரை, பிரஷருக்கு" என்று சொல்லி என் முன்னால் நிற்பவர்களுக்கு நான் எதைக் கொடுப்பது? இரத்த அழுத்தத்துக்கு எத்தனையோ வகை மருந்து இருக்கிறது. மாற்றிக் கொடுத்தால் மயங்கி விழுவார்கள்.

சூரணம், லேகியம், பொட்டலத்தில் கட்டிய கஷாயப் பொடி எல்லாம் லேபிள் இல்லாமல் வேண்டவே வேண்டாம். கறிவேப்பிலை, வெற்றிலை, வேப்பிலை, விதைகள், செடி எதுவானாலும் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் கேட்பார்கள். கரும்பை நம்பி வாழ்ந்த தீவுக்குப் பயிர் நோய் எவ்வளவு பெரிய பயம் என்று யோசித்தால் புரியும். துபாய் வழியாக வந்து அங்கே ஒரு நாள் இறங்கிச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். கசகசா கூட அங்கே தடை. இ-சிகரெட்டும் சிகரெட் சுருட்டும் தாளும் மொரீசியஸில் தடை. உடன் வரும் பிள்ளைகளிடம் இதை நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

இனி, வெப்ப மண்டல நாடு என்றதும் மலேரியா மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். மொரீசியஸ் மலேரியாவை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1973-இலேயே சான்று கொடுத்தது. 1975-இல் ஜெர்வெய்ஸ் புயலுக்குப் பிறகு நோய் திரும்பி வந்தது. அதையும் அடக்கினார்கள். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 1997-இல். இங்குள்ள சுகாதாரத் துறை மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களைக் கண்காணிக்கிறது. இந்தியாவும் அதில் சேர்த்தி. வந்தபின் சுகாதார ஊழியர் தேடி வந்து காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டால், இரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், எரிச்சல் படாமல் ஒத்துழையுங்கள். நம்மிடமிருந்து அவர்களுக்குப் போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

பகலில் கடிக்கும் கொசுதான் இங்கே கவலை. டெங்கு உண்டு, சிக்குன்குனியா உண்டு. 2005, 2006-இல் சிக்குன்குனியா பக்கத்துத் தீவான ரீயூனியனில் மூன்றில் ஒருவரைப் படுக்க வைத்தது, இங்கும் பரவியது. கொசு விரட்டி தடவுங்கள், முதலில் சன்ஸ்கிரீன், அதன் மேல் கொசு விரட்டி. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் பக்கமே போகாதீர்கள், இரத்தப்போக்கு வரலாம். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

எத்தனை நாளுக்கு மாத்திரை எடுத்துவருவது என்பதிலும் கணக்குத் தப்புகிறது. ஏழு நாள் பயணத்துக்கு ஏழு நாள் மாத்திரை போதாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். புயல் எச்சரிக்கை வகுப்பு 1, 2 என்று ஏறும். 3-க்கு வந்துவிட்டால் பஸ் நிற்கும், கடைகள் மூடும், என் மருந்துக் கடையும் மூடும், விமானங்கள் ரத்தாகும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். புயல் இல்லாவிட்டாலும், எல்லா சமூகத்தின் பண்டிகைக்கும் விடுமுறை விடும் நாடு இது. காவடி, மகா சிவராத்திரி, சீனப் புத்தாண்டு, யுகாதி, ரம்ஜான், விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று காலண்டர் நிறைந்திருக்கும். சிவராத்திரிக்கு முன்னால் கங்கா தலாவ் ஏரிக்கு லட்சக்கணக்கானவர்கள் நடந்து போவார்கள், அந்த நாட்களில் சாலையில் ஒரு மருந்து வாங்கப் போய் வருவதற்கே பாதி நாள் போய்விடும். காலண்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். சாதாரண மாத்திரைகள் ஒரு வாரத்துக்காவது கூடுதலாக இருக்கட்டும். அனுமதி தேவைப்படும் மருந்தை மட்டும் அனுமதியில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் கொண்டுவராதீர்கள். கூடுதல் நாட்களையும் சேர்த்தே அனுமதி கேளுங்கள்.

இன்சுலின் கைப்பையில் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்து கெட்டுவிடக்கூடும். இந்திய நேரத்துக்கும் இங்குள்ள நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் மாத்திரை வேளையை மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கடலில் இறங்கும்போது ரப்பர் செருப்பு போடுங்கள், கல் போலவே கிடக்கும் கல்மீனின் விஷ முள் குத்தினால் தாங்கும் அளவு சூடான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு 114-க்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, பிரஷர் இருப்பதை மறைக்காதீர்கள், மறைத்தால் பணம் வராது.

அமைச்சுக்கு அனுமதி கேட்டு எழுதும்போது நோயாளியின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். உங்கள் மருத்துவரின் கடிதம் ஆங்கிலத்தில், தெளிவாக டைப் செய்ததாக இருக்கட்டும். என்ன நோய், மருந்தின் மூலப்பொருள், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை, பயணத் தேதிகள், எல்லாம் அதில் வேண்டும். அனுமதி கிடைத்தாலும் கஸ்டம்ஸில் பொருளை அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய் நீங்களாகவே எடுத்துக் காட்டுங்கள்.

அனுமதி வரவில்லை என்றால் அந்த மருந்தைப் பெட்டியில் வைக்காதீர்கள், மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். முழங்கால் வலிக்குப் பாராசிட்டமாலும் தடவும் ஜெல்லும் போதுமா என்று அவர் பார்த்துச் சொல்வார். தூக்க மாத்திரையை மட்டும் வீட்டிலேயே நீங்களாக நிறுத்திப் பார்க்காதீர்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். அதனால் அம்மாவுக்கு டிக்கெட் போட்ட அன்றே மருத்துவரிடமும் நேரம் வாங்கிவிடுங்கள்.